தரையில் மஞ்சள் கோடு போடும் முன்

தொழிற்சாலைத் தரையில் மஞ்சள் கோடு போட அரை நாள் போதும். அந்தக் கோட்டுக்குள் பிரஸ்ஸையும் கன்வேயரையும் இறக்கி, கான்கிரீட்டைத் துளைத்து போல்ட் போட்டு, காற்றுக் குழாயும் மின்கேபிளும் இழுத்த பிறகு இடம் மாற்றுவதென்றால் அது பெரிய வேலை. உற்பத்தியை நிறுத்த வேண்டும், கிரேன் வரவேண்டும், "யார் போட்ட பிளான் இது?" என்ற கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். ஆகவே பல ஆலைகள் தப்பான லே-அவுட்டோடு பத்துப் பதினைந்து வருஷம் குடும்பம் நடத்திவிடுகின்றன. ஹெல்பர் ஒருவர் தினமும் டிராலியைத் தள்ளிக்கொண்டு ஒரு தூணைச் சுற்றிப் போவார். ஏன் சுற்றுகிறோம் என்று அவரும் கேட்பதில்லை, சூப்பர்வைசரும் கேட்பதில்லை.

இரும்பை இறக்குவதற்கு முன்பே அந்த லைனைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்த்து, எங்கே நெரியும், எங்கே சும்மா நிற்கும் என்று தெரிந்துகொள்ள முடியுமா? முடியும் என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறார்கள். மென்பொருள் விற்கிறவர்கள் இன்னும் உரக்கச் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை, எங்கே சிமுலேஷன் அவசியம், எங்கே பென்சிலும் தாளும் போதும் என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லே-அவுட் போடுகிறவர் இயந்திரங்களுக்கு இடம் ஒதுக்குவதாக நினைத்துக்கொள்கிறார். அவர் கவலைப்பட வேண்டியது காத்திருக்கும் பொருளுக்கான இடத்தைப் பற்றி. எந்தப் பொருள், எங்கே, எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைச் சராசரிக் கணக்கு சொல்லாது. சிமுலேஷன் தன் கூலியைச் சம்பாதிப்பது அந்த இடத்தில்தான்.

எட்டு அங்குலம்

ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913இல் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. கார் சேஸிஸ் ஒன்றைக் கோக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது, சில மாதச் சோதனைகளில் 93 நிமிடமாகக் குறைந்தது. ஆனால் அதற்கு முன்பே நகரும் லைனுக்கு ஒத்திகை பார்த்தது ஃப்ளைவீல் மேக்னட்டோ என்ற சிறு உறுப்பில். அதை ஒரே ஆள் உட்கார்ந்து முழுசாகச் செய்தபோது ஒன்றுக்கு ஏறக்குறைய 20 நிமிடம். வேலையை 29 ஆகப் பிரித்து ஆட்களை வரிசையாக நிறுத்தியதும் 13 நிமிடம் 10 விநாடி. 1914இல் லைனின் உயரத்தை எட்டு அங்குலம் தூக்கினார்கள், 7 நிமிடத்துக்கு வந்தது. நகரும் வேகத்தையும் சரிசெய்தபின் 5 நிமிடம்.

அந்த எட்டு அங்குலத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு அதற்குத் திரும்பி வருவேன். இப்போதைக்குக் கவனிக்க வேண்டியது, ஃபோர்டின் ஆட்கள் சோதனை முழுவதையும் அசல் லைனிலேயே செய்தார்கள் என்பது. மேசையை நகர்த்து, ஆளை மாற்று, கயிறு கட்டி இழுத்துப் பார். சாமான்கள் இலேசாக இருந்ததால் அது நடந்தது. ரோபோக்களும் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் நிற்கும் இன்றைய ஆலையில் அப்படிச் செய்து பார்க்க யாருக்கும் துணிச்சல் வராது.

கணக்குப் பார்த்து லைன் போடுவதற்கு வழி ஐம்பதுகளில் வந்தது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு ஷிஃப்டில் சாப்பாடு, டீ நேரம் போக 450 நிமிடம் வேலை, 300 மோட்டார் வேண்டும். 90 விநாடிக்கு ஒன்று லைனைவிட்டு இறங்க வேண்டும் என்று வருகிறது. இதை டாக்ட் டைம் என்பார்கள். ஒரு மோட்டாரில் ஆள் கைபட வேண்டிய வேலை மொத்தம் 540 விநாடி என்றால், குறைந்தது ஆறு ஸ்டேஷன் தேவை. அந்த ஆறுக்குள் வேலைகளைச் சமமாகப் பங்குபோட வேண்டும், வரிசையும் பிசகக் கூடாது. ஷாஃப்டில் பேரிங் ஏறாமல் எண்ட் கவரை மூட முடியாது. இந்தப் பங்கீட்டைக் கணிதமாக முதலில் எழுதியவர்களில் ஒருவர் மெல்வின் சால்வெசன், 1955இல். 1961இல் ஹெல்கெசன், பர்னி இருவரும் கையாலேயே போடக்கூடிய ஒரு முறையைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதன் நேரத்தோடு, அதை நம்பிப் பின்னால் காத்திருக்கும் எல்லா வேலைகளின் நேரத்தையும் கூட்டி, பெரிய தொகை உள்ளதை முதலில் இடம்பிடிக்க விடுவது. இன்றைக்கும் எக்செல் தாளில் லைன் பேலன்சிங் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் ஏதோ ஒரு வடிவத்தில் பின்பற்றுகிறார்கள். நல்ல வழி, சின்ன லைனுக்கு இதுவே போதும்.

எந்த இயந்திரம் எந்த மூலையில் என்ற இடப் பங்கீடு இதைவிட முரட்டுக் கணக்கு. 1957இல் கூப்மன்ஸ், பெக்மன் என்ற பொருளாதார அறிஞர்கள் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். எந்த இரண்டு இடங்களுக்கு இடையே எவ்வளவு சரக்கு போகிறது, எவ்வளவு தூரம் என்று பெருக்கிக் கூட்டி, மொத்தத்தைக் குறைக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. முப்பது இயந்திரத்தை முப்பது இடத்தில் வைக்கும் வழிகளின் எண்ணிக்கையோ 33 இலக்கம் கொண்டது. 1968இல் முன்வைக்கப்பட்ட முப்பது இடச் சோதனைக் கணக்கு ஒன்றுக்கு, இதைவிடச் சிறந்த விடை கிடையாது என்ற நிரூபணத்தோடு தீர்வு கிடைத்தது 2000இல்தான். அதுவும் நூற்றுக்கணக்கான கணினிகளைப் பிணைத்து ஒரு வாரம் ஓட்டி. நடைமுறையில் அவ்வளவு துல்லியம் யாருக்கும் வேண்டியதில்லை. ரிச்சர்ட் மியூதர் 1961இல் எழுதிய முறைப்படி, எது எதற்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், எது எதனிடம் அண்டவே கூடாது என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பெயின்ட் பூத்தையும் வெல்டிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு?

ஆனால் இந்த இரண்டு கணக்குக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. ஒன்றில் வேலை நேரம் மாறாது, மற்றதில் தூரம் மட்டுமே செலவு. நம் உதாரண லைனுக்கே வருவோம். மணிக்கு 40 மோட்டார் வெளியே போகிறது. தரையில் அங்கங்கே பாதி முடிந்து நிற்பவற்றை எண்ணினால் 200. அப்படியானால் ஒரு மோட்டார் உள்ளே நுழைந்து வெளியேறச் சராசரி 5 மணி நேரம். உள்ளே இருக்கும் எண்ணிக்கையை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் தங்கும் நேரம் கிடைக்கும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது, எந்த லைனுக்கும் பொருந்தும். அந்த 5 மணி நேரத்தில் கைபட்ட வேலை 9 நிமிடம். ஸ்டேஷன்களுக்கு இடையே நடை ஒரு நிமிடம் என்று வைத்தாலும், மிச்சம் நாலே முக்கால் மணி நேரத்துக்கு மேல் அது சும்மா நின்றிருக்கிறது. தூரத்தை மட்டும் குறைக்கும் லே-அவுட் அந்த ஒரு நிமிடத்தோடு மல்லுக்கட்டுகிறது.

புளியங்கொட்டைச் சிமுலேஷன்

பொருள் ஏன் நிற்கிறது என்பதை வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துவிடலாம். ஐந்து பேர் வரிசையாக உட்காருங்கள். முதல் ஆளிடம் ஒரு படி புளியங்கொட்டை, மற்றவர் முன்னால் ஆளுக்கொரு காலிக் கிண்ணம். ஆளுக்கொரு ஆறுமுகப் பகடை. வரிசைப்படி ஒவ்வொருவரும் உருட்ட வேண்டும். விழுந்த எண்ணிக்கை அளவுக்கு, கிண்ணத்தில் அவ்வளவு இருந்தால், கொட்டையை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் இருப்பதை மட்டும். எலியாஹு கோல்ட்ராட் 1984இல் வெளியிட்ட 'தி கோல்' நாவலில் சாரணச் சிறுவர்கள் தீக்குச்சி வைத்து ஆடும் ஆட்டமும் ஏறக்குறைய இதுதான்.

பகடையின் சராசரி மூன்றரை. ஐந்து பேரும் சம திறமைசாலிகள், லைன் கச்சிதமாக பேலன்ஸ் ஆகியிருக்கிறது. ஆகவே சுற்றுக்கு மூன்றரை கொட்டை கடைசியில் விழும் என்று தோன்றும். முதல் சுற்றில் எதிர்பார்க்கக்கூடிய சராசரி 1.57தான். காரணம், எல்லாக் கிண்ணமும் காலியாக இருக்கும்போது, ஐந்து பகடையில் எது மிகச் சிறியதோ அந்த அளவுதான் கடைசிவரை போய்ச்சேரும். ஒருவர் ஆறு போட்டாலும் அந்த அதிர்ஷ்டம் வீண், முன்னவர் போட்ட ஒன்று எல்லோர் தலையிலும் விழுகிறது. நல்ல விளைவு அடுத்தவருக்குப் போகாமல் நின்றுவிடுகிறது, கெட்டது மட்டும் தடையில்லாமல் போகிறது. ஆட்டம் தொடரத் தொடரக் கிண்ணங்களில் கொட்டை சேரும், கடைசியில் விழுவதும் மூன்றரையை நெருங்கும். ஆனால் அந்த நெருக்கத்துக்கு விலை நடுவில் குவிந்த கொட்டை. ஆலையில் அந்தக் குவியலுக்குப் பெயர் பஃபர். அதற்குத் தரை வேண்டும், டிரே வேண்டும், முதலீடு வேண்டும்.

இனி கிண்ணத்தில் மூன்று கொட்டைக்கு மேல் கூடாது என்று விதி போட்டு ஆடிப் பாருங்கள். இப்போது அடுத்த கிண்ணம் நிரம்பிவிட்டதால் தள்ள முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர் ஒருபக்கம், வர வேண்டியது வராததால் உட்காருகிறவர் மறுபக்கம். லைனில் நிற்கிறவர்கள் மொழியில் "முன்னாடி ஃபுல்", "மெட்டீரியல் இல்லை". லைன் நிற்பதற்கு இயந்திரக் கோளாறு தவிர வேறு காரணம் எதைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இதற்குக் கணிதமும் உண்டு. 1956இல் ஹண்ட் என்பவர் காட்டினார்: வேலை நேரம் மிகவும் ஏறி இறங்குகிற இரண்டு சம ஸ்டேஷன்களை நடுவில் துளி இடம்கூட இல்லாமல் ஒட்டி வைத்தால், அவற்றின் முழுத் திறனில் மூன்றில் இரண்டு பங்குதான் வெளியே வரும். மூன்று ஸ்டேஷன் என்றால் 56 சதவீதம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரே ஒரு பொருள் நிற்க இடம் கொடுத்தால் மூன்றில் இரண்டு 75 சதவீதமாகிறது, இரண்டு இடத்துக்கு 80, நான்குக்கு 86, பத்துக்கு 92. முதல் இடம் தந்த எட்டுச் சதவீதத்தை அடுத்த இடங்கள் தருவதில்லை. இது மிகக் கடுமையான ஏற்ற இறக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு. கை பழகிய தொழிலாளி ஒரே வேலையைச் செய்யும்போது நேரம் அவ்வளவு தாறுமாறாக மாறாது, இழப்பும் இதைவிடக் குறையும். ஆனால் அந்த வளைவின் வடிவம் மாறாது.

சரி, இடம் பத்து இருக்கிறது, இடைவெளி பன்னிரண்டு இருக்கிறது. எந்த இடைவெளிக்கு எத்தனை? ஸ்டேஷன்கள் ஒரே மாதிரி இல்லை, ஒன்று அடிக்கடி கெடும், ஒன்றில் மாடல் மாற்றும்போது ஜிக் மாற்றவேண்டும், இரண்டு ஸ்டேஷன் ஒரே டிராலியை நம்பி இருக்கின்றன. சூத்திரம் இங்கே களைத்துவிடுகிறது. இதற்குமேல் ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்ப்யூட்டர் ஓட்டிப் பார்ப்பதும் புளியங்கொட்டை ஆட்டத்தைத்தான். அதற்குள் ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் இருக்கும். பத்து மணி நான்கு நிமிடம் பன்னிரண்டாம் விநாடி: மூன்றாம் ஸ்டேஷனில் வேலை முடிகிறது. நான்காம் ஸ்டேஷனுக்கு முன்னால் இடம் உண்டா? உண்டு, தள்ளு. மூன்றாம் ஸ்டேஷனுக்கு அடுத்த மோட்டார் வந்திருக்கிறதா? வந்திருக்கிறது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பகடை உருட்டு. 97 விநாடி விழுந்தது, அந்த முடிவு நேரத்தைப் பட்டியலில் எழுது. அடுத்த நிகழ்ச்சி எப்போது? ஐந்து விநாடி கழித்து. கடிகாரம் நடுவில் எதுவும் நடக்காத விநாடிகளைத் தாண்டி நேரே அங்கே குதிக்கும். இப்படி ஒரு மாத உற்பத்தியைச் சில விநாடிகளில் ஓட்டிவிடலாம்.

இந்த வித்தை உருக்காலையில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் யுனைடெட் ஸ்டீல் கம்பெனியில் வேலைபார்த்த கீத் டோச்சர் ஐம்பதுகளின் இறுதியில் ஆலைகளுக்கான பொதுச் சிமுலேஷன் நிரல் ஒன்றை எழுதினார். 1963இல் அவர் வெளியிட்ட நூல் இந்தத் துறையின் முதல் பாடநூல் எனலாம். அமெரிக்காவில் ஐபிஎம்மின் ஜெஃப்ரி கார்டன் 1961இல் ஜிபிஎஸ்எஸ் மொழியைக் கொண்டுவந்தார். ஆஸ்லோவில் டால், நிகார்ட் இருவரும் சிமுலேஷனுக்காக உருவாக்கிய சிமுலா மொழியிலிருந்துதான் இன்று எல்லா மென்பொருள்காரர்களும் பயன்படுத்தும் ஆப்ஜெக்ட் என்ற கருத்து கிளம்பியது. எழுபதுகளின் இறுதிவரை முடிவுகள் எண்களாக அச்சாகி வரும், மேனேஜர்கள் அதைப் புரட்டிவிட்டு மேசை ஓரம் வைத்துவிடுவார்கள். பிரிட்டிஷ் லேலண்டில் உருவான ஸீ-வை என்ற மென்பொருள் திரையில் லைன் ஓடுவதைப் படமாகக் காட்டியது. அதன் வாரிசுதான் விட்னஸ். அரீனா, பிளான்ட் சிமுலேஷன், ஃப்ளெக்ஸ்சிம், எனிலாஜிக் எல்லாம் இன்று அந்த வழியில் வருபவை. படம் வந்ததால் நன்மையும் வந்தது, ஆபத்தும் வந்தது. முப்பரிமாணத்தில் ஃபோர்க்லிஃப்ட் அழகாக வளைந்து போவதைப் பார்க்கிறவருக்கு, அதற்குக் கீழே இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றுவதில்லை.

நேற்றைச் சொல்லாத மாடல்

அந்தக் கேள்வியைக் கேட்காமல் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கோவைக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் பம்ப்செட் ஆலை. வைண்டிங் முடிந்து, வார்னிஷில் முக்கி, ஓவனில் காய்ந்து ஸ்டேட்டர் வரும். ரோட்டர் ஷாஃப்டில் பேரிங் ஏற்றி, பாடிக்குள் இறக்கி, எண்ட் கவர் மூடி, டெஸ்டிங் பெஞ்சுக்குப் போகும். ஸ்டாப்வாட்சோடு ஒரு வாரம் நின்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நேரம் குறித்தோம். எல்லோரும் பேரிங் பிரஸ்தான் தாமதம் என்றார்கள். இன்னொரு பிரஸ் வாங்க விலைகூடக் கேட்டாகிவிட்டது.

மாடலைக் கட்டி, இருக்கிற லே-அவுட்டையே முதலில் ஓட்டினோம். புது யோசனையைச் சோதிக்கும் முன் பழையதை மாடல் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலின் பால பாடம். பதிவேட்டில் இருந்த அன்றாட உற்பத்தியைவிட மாடல் கணிசமாக அதிகம் சொன்னது. மூன்று நாள் நிரலில் பிழை தேடினோம், கிடைக்கவில்லை. நான்காம் நாள் பேரிங் பிரஸ்ஸில் நிற்கிற அக்காவிடம், "இங்கே வேலை நிற்கிறது என்றால் எதனால் நிற்கும்?" என்று கேட்டேன்.

"ஹாய்ஸ்ட்டு டெஸ்டிங் பக்கம் போயிருச்சுங்கன்னா நாங்க இங்க நின்னுட்டுத்தானுங்க இருக்கோணும். அதை நீங்க யாருமே கேக்கலீங்களே சார்."

ஒரே ஹாய்ஸ்ட். பிரஸ்ஸிலிருந்து பாடியைத் தூக்கவும் அதுதான், டெஸ்டிங் பெஞ்சில் ஏற்றவும் அதுதான். எங்கள் தாளில் அது ஒரு ஸ்டேஷனாக இல்லை, யாரும் அதில் 'வேலை' செய்வதில்லை. நேரம் குறித்த பையன், கை அசையும்போது மட்டும் வாட்சை ஓடவிட்டு, ஹாய்ஸ்ட்டுக்காக நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவனைக் குறைசொல்ல முடியாது, நாங்கள் சொல்லிக்கொடுத்தது அப்படி. ஹாய்ஸ்ட்டை மாடலில் சேர்த்ததும் நேற்றைய உற்பத்தியும் மாடலும் ஒத்துப்போயின. அதன்பிறகு மூன்று யோசனைகளை ஓட்டினோம். இரண்டாவது பிரஸ் வாங்கினால் ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை, ஹாய்ஸ்ட்டுக்குக் காத்திருக்கும் வரிசைதான் நீண்டது. இரண்டாவது ஹாய்ஸ்ட் போட்டால் நன்றாக மாறியது. டெஸ்டிங் பெஞ்சைப் பிரஸ்ஸுக்கு நேராகத் திருப்பி, இடையில் மேசை உயரத்துக்கு மூன்று மோட்டார் நிற்கும் ரோலர் பாதை போட்டு, தூக்குவதையே தவிர்த்தால் அதே அளவு மாறியது, செலவு மிகக் குறைவு.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, பொருந்தாத மாடலை நான் தோல்வியாகப் பார்ப்பதில்லை. நம் கண்ணுக்குப் படாத ஏதோ ஒன்று தரையில் நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. முதல் ஓட்டத்திலேயே பதிவேட்டோடு அச்சுப்பிசகாமல் பொருந்துகிற மாடல்தான் எனக்குச் சந்தேகம் தருகிறது. யாரோ எண்களைத் தட்டிக்கொட்டிப் பொருத்தியிருக்கலாம்.

பிரேக்டவுன் விஷயத்தில் இந்தக் கவனம் இன்னும் வேண்டும். ஒரு இயந்திரம் 90 சதவீத நேரம் ஓடுகிறது என்று மெயின்டனன்ஸ் பதிவேடு சொன்னால் அது பாதித் தகவல். ஒன்பது நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நிற்பதும் 90, ஒன்பது மணி நேரம் ஓடி ஒரு மணி நேரம் நிற்பதும் 90. நிமிடத்துக்கு ஒரு பொருள் போகிற லைனில், முதல் வகை இயந்திரத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு பொருள் நிற்க இடம் இருந்தால் அடுத்த ஸ்டேஷனுக்கு அது நின்றதே தெரியாது. இரண்டாவதற்கு அறுபது பொருள் நிற்க இடம் வேண்டும், அதற்குப் பதில் உதிரிபாகத்தை வாங்கிப் பக்கத்தில் வைப்பதே மேல். லே-அவுட்டில் எவ்வளவு இடம் விடுவது என்பது சராசரியில் இல்லை, அந்த நிறுத்தத்தின் நீளத்தில் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் பலரை ஏமாற்றும். இருபது ஸ்டேஷன், ஒவ்வொன்றும் 98 சதவீதம் நம்பகமானது, நடுவில் பஃபர் இல்லை. இருபது தடவை பெருக்கினால் 67 சதவீதம் வருகிறது. ஆனால் லைன் நின்றிருக்கும்போது ஓடாத இயந்திரம் கெடுவதில்லை. ஓடும்போது மட்டும் கெடும் என்று வைத்து, அறுபதுகளில் ஜான் புசகாட் காட்டிய வழியில் கணக்கிட்டால் 71. மாடலில் பிரேக்டவுன் கடிகாரம் எதை வைத்து ஓடுகிறது, சுவர்க் கடிகாரத்தையா, இயந்திரம் ஓடிய நேரத்தையா என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தப்பாக அழுத்தியவர் நான்கு சதவீத உற்பத்தியைத் தாளிலேயே தொலைத்துவிடுகிறார்.

பலன் கிடைத்ததா?

பெரிய அளவில் பலன் கிடைத்ததற்கு நன்கு பதிவான சான்று ஜெனரல் மோட்டார்ஸ். லைன்களின் உற்பத்தித் திறனைக் கூட்ட அவர்கள் எண்பதுகளிலிருந்து வளர்த்த கணக்கு, சிமுலேஷன் முறைகளுக்காக 2005இல் செயல்முறை ஆய்வுத் துறையின் ஃப்ரான்ஸ் எடெல்மன் பரிசு கிடைத்தது. பத்து நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளில் பயன்படுத்தி, 210 கோடி டாலருக்கு மேல் சேமிப்பும் கூடுதல் வருவாயும் கிடைத்ததாகக் கணக்குக் காட்டினார்கள். அந்த வேலையைப் படித்தால் கண்ணில் படுவது, மென்பொருளுக்குச் சமமாக அவர்கள் தகவல் சேகரிப்பிலும் ஆலை ஆட்களின் பயிற்சியிலும் உழைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஹியூலெட்-பேக்கர்ட். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் ஆலையில் இங்க்ஜெட் பிரின்டருக்காகத் தொண்ணூறுகளில் திட்டமிட்ட தானியங்கி லைன், போட்ட வடிவத்தில் இலக்கை எட்டாது என்று தெரியவந்தது. எம்ஐடியின் ஸ்டான்லி கெர்ஷ்வின் குழுவினர் வேகமாகக் கணக்கிடும் சூத்திர முறையைக் கொண்டு, எங்கெங்கே சிறிய பஃபர் வைப்பது என்று முடிவுசெய்தார்கள். அதனால் கிடைத்த கூடுதல் வருவாய் ஏறத்தாழ 28 கோடி டாலர் என்று 1998இல் எழுதினார்கள். சிமுலேஷன்தான் வழி என்று அடம்பிடிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முதலில் லிட்டிலின் விதி, அடுத்து சூத்திரம், அவை திணறுகிற இடத்தில் சிமுலேஷன். இந்த வரிசையில் போகிறவருக்கு மாடல் கட்டும்போதே ஏறக்குறைய விடை தெரிந்திருக்கும், கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்னாலும் பிடித்துவிடுவார்.

கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்வதைவிட, அது சொன்னதை நாம் தப்பாகப் படிப்பது அதிகம். இரண்டு லே-அவுட்டையும் தலா ஒரு தடவை ஓட்டி, எது அதிகம் தந்ததோ அதைத் தேர்ந்தெடுப்பது பகடையை ஒருமுறை உருட்டிவிட்டு அதுதான் நல்ல பகடை என்பது போன்றது. பல தடவை ஓட்ட வேண்டும். விடையின் தடுமாற்றத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்டங்கள் தேவை. இரண்டு லே-அவுட்டுக்கும் அதே பகடை எண்களைக் கொடுத்து ஓட்டினால், அதே கெட்ட நாளை இரண்டும் எப்படிச் சமாளித்தன என்று நேர்மையாக ஒப்பிடலாம். காலி லைனில் தொடங்கும் முதல் சில மணி நேரத்தைக் கணக்கிலிருந்து நீக்கவும் வேண்டும். இவ்வளவும் எண்பதுகளிலேயே பாடநூல்களில் எழுதியாகிவிட்டது. இருந்தும் ஒரே ஓட்டத்தை ஸ்லைடில் போட்டு இயக்குநர் கூட்டத்தில் முடிவெடுப்பதை இன்றும் பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது.

மனிதர் நிற்கும் இடம்

சிமுலேஷன் கற்றுத்தந்த ஒரு பாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆளையும் இடைவிடாமல் வேலையில் வைத்திருப்பதுதான் திறமை என்று நினைக்கிற மேலாளர்கள் உண்டு. வரிசைக் கணக்கில் மிக எளிய மாதிரியை எடுத்தாலே, ஒரு ஸ்டேஷன் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் ஒரு பொருள் தன் வேலை நேரத்தைப்போல் நான்கு மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு, 95 என்றால் பத்தொன்பது. ஆளைப் பிழியப் பிழியப் பொருள் அதிகம் காத்திருக்கிறது, காத்திருக்கும் பொருள் தரையை அடைக்கிறது. ஹில்லியர், போலிங் இருவரும் 1966இல் இன்னொன்றைக் கண்டார்கள். எல்லா ஸ்டேஷனுக்கும் துல்லியமாகச் சம வேலை கொடுப்பதைவிட, நடுவில் இருப்பவற்றுக்குச் சற்றுக் குறைத்துக் கொடுத்தால் லைன் சற்று அதிகம் தருகிறது. நடு ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தொல்லை வருகிறது அல்லவா? லாபம் சிறியதுதான். ஆனால் கடைசி விநாடிவரை சமமாகப் பங்குபோடத் துடிக்கும் ஆசைக்கு அது சரியான பதில்.

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கத்து மின்னணு ஆலைகளின் லைன்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில், ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்கிறவர்கள். மாடலில் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சதுரம், 42 விநாடி, அவ்வளவுதான். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அதே 42. கால் வலிப்பது மாடலுக்குத் தெரியாது. நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு, வேலை இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். எந்த லே-அவுட் மாடலிலும் அந்த ஸ்டூலுக்கு இடம் விட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டூலை வைக்கச் சொல்வது இரக்கத்தினால் மட்டும் வரும் யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஃபோர்டின் எட்டு அங்குலம் 13 நிமிட வேலையை 7 நிமிடமாக்கியது. நிகழ்ச்சிப் பட்டியலை நம்பி ஓடும் எந்தச் சிமுலேஷனும் அந்த எட்டு அங்குலத்தைக் கண்டுபிடித்திருக்காது. உடல் வளைவதையும் கை எட்டுவதையும் பார்க்கும் மனித உருவ மாடல்கள் தனியாக இருக்கின்றன, ஆனால் இரண்டையும் ஒரே மேசையில் வைத்து லே-அவுட் போடுகிறவர்கள் குறைவு.

2018இல் டெஸ்லா மாடல் 3 காருக்கு அமைத்த சிக்கலான கன்வேயர் வலையைப் பிடுங்கி எறிய நேர்ந்தது. அளவுக்கு மீறித் தானியங்கியாக்கியது தவறு என்று ஈலான் மஸ்க்கே ஒத்துக்கொண்டார். ஃப்ரிமான்ட் ஆலை வளாகத்தில் ஒரு பெரிய கூடாரம் அடித்து, அதற்குள் எளிய லைன் ஒன்றைப் போட்டுக் கார்களை இறக்கினார்கள். கம்ப்யூட்டர் வசதிக்குப் பஞ்சமில்லாத நிறுவனம் அது. 2023இல் பிஎம்டபிள்யூ ஹங்கேரியின் டெப்ரெட்சன் ஆலையில் உண்மையான கார் இறங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே மெய்நிகர் ஆலையில் உற்பத்தி தொடங்கியதாக அறிவித்தது. டிஜிட்டல் ட்வின் என்று இப்போது எல்லோரும் பேசுவது இதைத்தான். இயந்திரங்களிலிருந்து தகவல் தானாக வந்து மாடல் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்குமானால், அது ஒருமுறை கட்டிவிட்டு மறக்கும் மாடலைவிட நிச்சயம் மேல். ஆனாலும் அந்த ஹாய்ஸ்ட்டில் சென்சார் இல்லாவிட்டால் ட்வின்னும் அதைப் பார்க்காது.

சிறு ஆலைகளுக்கு இதெல்லாம் எட்டாக்கனி என்ற எண்ணம் மாற வேண்டும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் அவர்கள் கைக்கு எட்டாதவைதான். ஆனால் பைத்தான் மொழியில் சிம்பை இலவசம், ஜாம்சிம் இலவசம், எக்செல் தாளிலேயேகூட ஐந்தாறு ஸ்டேஷன் லைனை ஓட்டிவிடலாம். கோவையிலும் ஓசூரிலும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஆலை தேடி அலைகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, ஒரு மாதம் லைனோரம் நிற்கவைத்து, கை அசையும் நேரத்தோடு கை நிற்கும் நேரத்தையும் குறிக்கச் சொன்னால், மாடல் கட்டும் முன்பே பாதி விடை வந்துவிடும்.

அந்தப் பம்ப்செட் ஆலையில் ரோலர் பாதையை வாங்கும் முன், புது லே-அவுட்டை முதலில் சாக்பீஸால் தரையில் வரைந்தோம். காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி ரோலர் உயரத்துக்கு வைத்து, பிரஸ் அக்காவை நின்று பார்க்கச் சொன்னோம். அவர் ஒரு பாடியைத் தூக்கி வைப்பதுபோல் இரண்டு மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தார். "இங்க வெச்சீங்கன்னா எனக்குக் கை எட்டாதுங்க. இன்னும் இத்தினி கிட்ட வரோணும்" என்று காலால் தரையில் காட்டினார். ஈரத்துணியால் கோட்டை அழித்து, அரை அடி தள்ளி வரைந்தோம். மஞ்சள் பெயின்ட் டப்பாவை அதற்கு மறுவாரம்தான் திறந்தார்கள்.